மாசக் கடைசியும் ஸ்டேஷன் கணக்கும்

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகிற வழியில் ஒரு பேக்கரி. காலை ஏழரை மணிக்கு பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கும் இடம். மாதத்தில் நான்கைந்து நாள் அங்கே ஒரு பேச்சு தவறாமல் வரும்.

"இன்னிக்கு என்ன தேதிங்க?"

"இருபத்தெட்டுங்க."

"அப்ப பாலத்துக்கிட்ட நிப்பாங்க. உள்ரோட்டுல போயிருங்க."

ஹெல்மெட் போட்டவரும் உள்ரோட்டில்தான் போகிறார். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் பையில் வைத்திருப்பவரும் அப்படித்தான். ஏன் என்று ஒருவரிடம் கேட்டேன். "எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. ஆனா மாசக் கடைசில ஏதாச்சும் ஒண்ணு இல்லாமப் போயிருமுங்க" என்றார்.

ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்பதில் அந்தப் பேக்கரியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சாலையில் விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரையாவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போலீஸ் நிற்பது தங்கள் தலைக்காக என்று அங்கே ஒருவர்கூட நம்பவில்லை. கணக்குக்காக நிற்கிறார்கள் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். 2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக ஏறியது. தையல் மிஷினில் உட்காருகிறவருக்கு அது ஒரு நாள் கூலிக்கு மேல். அதன்பின் இந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. போலீஸ் நிற்கிற இடமும் அதற்குத் தோதாகவே அமைகிறது. நெடுஞ்சாலையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் லாரியும் பைக்கும் மோதுகிற இடம் ஒன்று. காலையில் வண்டிகள் முட்டிக்கொண்டு நகர்கிற திருப்பம் இன்னொன்று. பிடிக்க வசதி இரண்டாவது இடம்தான்.

டார்கெட் என்று ஒன்று உண்டா என்று அதிகாரிகளைக் கேட்டால் இல்லை என்பார்கள். எழுத்தில் அப்படி எதுவும் இருக்க வேண்டியதும் இல்லை. எஸ்.பி. தலைமையில் மாதாமாதம் குற்றக் கலந்தாய்வுக் கூட்டம் நடக்கிறது. போன மாதம் எத்தனை, இந்த மாதம் எத்தனை, பக்கத்து ஸ்டேஷன் எத்தனை என்று அட்டவணை போட்டுக் காட்டினால் போதும். 'ஏன் குறைந்தது?' என்று ஒரு கேள்வி மேலிருந்து விழுந்தால், அது இன்ஸ்பெக்டர் வழியாக எஸ்.ஐ.க்கும் அவர் வழியாக ஏட்டுக்கும் வந்து சேரும்போது 'இன்னும் இருபது கேஸ் வேணும்' என்று ஆகிவிடுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் கோவைச் சரகம். சேலம், நாமக்கல் சேலம் சரகம். இரண்டுக்கும் மேலே கோவையில் மேற்கு மண்டல ஐ.ஜி. (கொங்கு என்றால் கரூரும் சேர்த்திதான். போலீஸ் வரைபடத்தில் மட்டும் அது திருச்சிப் பக்கம் போய்விடும்.) ஒவ்வொரு படியிலும் அதே அட்டவணை, அதே ஒப்பீடு.

சரி, எண்ணிக்கை கேட்பதில் என்ன தப்பு? பொதுப் பணத்தில் நடக்கிற துறை, கணக்குக் கேட்கத்தானே வேண்டும்?

ஒரு ஸ்டேஷனில் இரண்டு வகைக் கணக்கு ஓடுகிறது. ஒன்று ஏற வேண்டிய கணக்கு: வண்டி கேஸ், குடித்துவிட்டு ஓட்டிய கேஸ், சூதாட்டம், குட்கா, திருட்டுத்தனமாக மது விற்கிற சந்துக்கடை, மூணு நம்பர் லாட்டரி, பொது இடத்தில் தகராறு. போலீஸ் தானாகத் தேடிப் போய்ப் போடுகிற கேஸ்கள் இவை. இன்னொன்று இறங்க வேண்டிய கணக்கு: திருட்டு, வழிப்பறி, கொள்ளை, கொலை. இவை ஜனங்கள் வந்து சொல்கிற கேஸ்கள். முதல் கணக்கு ஏறினால் நன்றாக வேலை செய்கிற ஸ்டேஷன் என்று பெயர். இரண்டாவது ஏறினால் கட்டுப்பாடு இல்லாத ஸ்டேஷன். இரண்டையும் எழுதுவது ஸ்டேஷன் ரைட்டர் மேஜையில் இருக்கிற ஒரே பேனா.

ஏறுகிற கணக்கு எப்படி ஏறுகிறது என்று பார்க்க உள்ளூர்ப் பத்திரிகையின் மூன்றாம் பக்கம் போதும். 'பணம் வைத்துச் சூதாடிய ஏழு பேர் கைது. 52 சீட்டுகளும் 1,340 ரூபாயும் பறிமுதல்' என்கிற மாதிரியான செய்தியைப் படிக்காத வாரம் உண்டா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புளியமரத்தடியில் உட்கார்ந்த தறிக்காரர்கள். கேஸ் ஒன்று, ஆள் ஏழு. சாயங்காலமே ஸ்டேஷன் ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். லாட்டரியும் இப்படியே. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்தது. வாளையாறைத் தாண்டினால் கேரளத்தில் அரசே நடத்துகிறது. அந்தக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே சூதாட்டம். விற்றவரைப் பிடிப்பார்கள், ஜாமீனில் வருவார், அதே பெட்டிக்கடை ஓரத்தில் மறுபடி நிற்பார், அடுத்த மாதம் மறுபடி பிடிப்பார்கள். 'கேஸ் போடறதுக்குன்னே வளத்தி வெச்சிருக்காங்க' என்று ஊரில் சொல்வது முழுக்க நியாயமா என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் சொல்ல இடம் கொடுத்தாயிற்று. லாட்டரியை ஒழிப்பது ஒரு வேலை, லாட்டரி கேஸ் போடுவது வேறு வேலை. முதல் வேலை முடிந்துவிட்டால் இரண்டாவதற்கு ஆள் கிடைக்காது!

திருப்பூரில் இந்தக் கணக்கு யார் தலையில் விழும் என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு சாயங்காலம் கடைவீதியில் சுற்றுகிற ஒடியா, பீகார் பையன்களுக்குத் தமிழ் தெரியாது, போன் போட்டுக் கூப்பிட ஒரு கவுன்சிலர் கிடையாது, மறுநாள் காலை எட்டரைக்குக் கம்பெனியில் இருந்தாக வேண்டும். அபராதத்தைக் கட்டிவிட்டுப் போவதே அவர்களுக்கு லாபம். எண்ணிக்கை வேண்டும் என்று அலைகிறவர் எதிர்ப்பு இல்லாத இடத்தில்தானே கைவைப்பார்.

இறங்குகிற கணக்கு எப்படி இறங்குகிறது என்பது என் சொந்தக் கதை.

சில வருஷங்களுக்கு முன்னால் சந்தைக்குப் போன இடத்தில் என் வண்டி காணாமல் போனது. ஸ்பிளெண்டர், ஆறு வருஷப் பழசு. எந்த ஸ்டேஷன் என்று சொல்ல வேண்டாம், எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். முதலில், "பூட்டுனீங்களா? நல்லாத் தேடிப் பாத்தீங்களா? சொந்தக்காரங்க யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்களா?" தேடிப் பார்த்தேன் என்றேன். அப்புறம் ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ரைட்டர் கூப்பிட்டார். மரியாதையான மனிதர்தான், டீகூட வாங்கிக் கொடுத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. மாசக் கடைசி. இந்த மாசம் ஏற்கெனவே நாலு வண்டி. இப்பத்திக்கு சி.எஸ்.ஆர். வாங்கிட்டுப் போங்க. ஒண்ணாந்தேதிக்கு மேல வந்தீங்கன்னா எஃப்.ஐ.ஆர். போட்டுத் தந்தர்றோம்."

பேக்கரிக்காரர்கள் உள்ரோட்டில் போவதும் என்னை ஒண்ணாந்தேதிக்கு மேல் வரச் சொன்னதும் ஒரே அட்டவணையால்தான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கு ஸ்டேஷன் தருகிற ரசீது. மனு ஏற்புச் சான்று என்பார்கள். அதனால் வழக்கு பதிந்ததாக ஆகாது. இன்சூரன்ஸ் கம்பெனி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முதல் தகவல் அறிக்கை வேண்டும், கடைசியில் வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தருகிற சான்றும் வேண்டும். சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், ஆன்லைனில் கொடுத்துவிட்டு மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடலாம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் ஒரு முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதில் எந்தப் பிரிவிலும் 'ஒண்ணாந்தேதிக்கு மேல்' என்று ஒரு வார்த்தை கிடையாது.

வண்டி போனவனுக்கு இப்படியென்றால் நகை போனவருக்கு இன்னொரு விதம். முப்பது பவுன் போயிற்று என்று எழுதிக்கொண்டு போனால், பில் எங்கே, யார் போட்ட நகை, சீர் வந்ததா, அடகில் இருக்கிறதா என்று கேள்வி வரும். புகார் எழுதி முடிக்கும்போது அது பன்னிரண்டு பவுனாகியிருக்கும். தொலைந்தது குறைந்தால் மீட்டதன் விகிதம் ஏறும். அது ஒரு எளிய வகுத்தல் கணக்கு. அப்புறம் ஒரு நாள் மேஜைமேல் நகைகளைப் பரப்பிவைத்துப் பத்திரிகையாளர் சந்திப்பு நடக்கும்போது, புகார் கொடுத்த அம்மா டி.வி.யில் பார்த்துக்கொண்டு மனதுக்குள் பவுன் எண்ணிக்கொண்டிருப்பார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியம் ஒன்றுமில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகிற அறிக்கையிலேயே, குற்றம் பெருகுவதும் குற்றப் பதிவு பெருகுவதும் வெவ்வேறு விஷயங்கள் என்று எச்சரிக்கை போட்டிருக்கிறது. 1977-இல் அமைந்த தேசியக் காவல் ஆணையமும் புகாரைப் பதியாமல் தட்டிக்கழிக்கிற வழக்கத்தைப் பற்றி எழுதியது. ஆனால் அறிக்கை வந்த மறுநாள் தலைப்புச் செய்தி என்ன? 'இந்த ஆட்சியில் குற்றங்கள் இத்தனை சதவீதம் உயர்வு.' சட்டசபையில் எதிர்க்கட்சி அதை வாசிக்கும், ஆளுங்கட்சி பழைய ஆட்சியின் எண்ணை வாசிக்கும். கட்சி மாறினால் வாசிக்கிற ஆள் மட்டும் மாறுவார். நேர்மையாகப் புகாரைப் பதிகிற ஸ்டேஷன் தண்டனை வாங்குவதும், தட்டிக்கழிக்கிற ஸ்டேஷன் பாராட்டு வாங்குவதும் இப்படித்தான் நடக்கிறது.

எண்ணுக்காகக் கைநீட்டிய அதிகாரம் இந்த மண்ணுக்குப் பழக்கமான விஷயம். 1792-இல் பாரமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபின், அதன் அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கேதான் ரயத்துவாரி முறையைத் தொடங்கினார்கள். குடியானவரிடம் நேரடியாகத் தீர்வை. அந்த நாளில் தாசில்தார் கையில் வரி வசூலும் இருந்தது, போலீசும் இருந்தது. மேலே காட்ட வேண்டிய தொகை ஒரு பக்கம், அடிக்கிற கை ஒரு பக்கம், இரண்டுக்கும் ஒரே ஆள். விளைவு என்ன என்று 1855-இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை சொல்கிறது. வெயிலில் குனிந்து நிற்க வைப்பது, விரலைக் கிட்டியில் வைத்து இறுக்குவது. கிட்டி என்ற தமிழ்ச்சொல் அப்படியே ஆங்கில அறிக்கைக்குள் ஏறியது. நான்கு வருஷத்தில், 1859-இல், போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனிச்சட்டம் வந்தது. இன்றைய தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் அதுதான். தண்டல் செய்கிற கையிலிருந்து தடியை வாங்கியதில் பிறந்த படை, இன்று அபராத மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு மாதக் கணக்குப் பார்க்கிறது.

வெளிநாட்டில் மட்டும் ஒழுங்காக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. நியூயார்க் போலீஸ் 1994-இல் காம்ஸ்டாட் என்ற முறையைக் கொண்டுவந்தது. வாராவாரம் ஸ்டேஷன் அதிகாரிகளைக் கூப்பிட்டு, வரைபடத்தில் புள்ளி வைத்துக் கேள்வி கேட்பார்கள். குற்றம் எங்கே நடக்கிறது என்று பார்த்து அங்கே ஆளை அனுப்புவது நல்ல யோசனைதான். போகப் போக எண் தலைக்கேறியது. புரூக்ளினில் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் என்ற போலீஸ்காரர், இத்தனை சம்மன் கொடு, இந்தப் புகாரை எழுதாதே என்று மேலதிகாரிகள் சொல்வதைப் பதிவு செய்து வைத்தார். 2009 அக்டோபரில் சக போலீசாரே அவரை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய் மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். 2011-இல் மட்டும் அந்த நகரத்தில் சுமார் 6.85 லட்சம் முறை ஆட்களை நிறுத்திச் சோதித்தார்கள். பெரும்பாலோர் கருப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் மீது எந்த வழக்கும் இல்லை. 2013-இல் கூட்டரசு நீதிமன்றம் அது நடத்தப்பட்ட விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது.

அயர்லாந்துக் கதை இன்னும் வேடிக்கை. எத்தனை பேரை ஊதச் சொன்னோம் என்று அந்நாட்டு போலீஸ் காட்டிய கணக்கையும், கருவிகளில் பதிவான கணக்கையும் ஒப்பிட்டபோது 9 லட்சத்து 37 ஆயிரம் சோதனைகள் இடித்தன. 2017 மார்ச்சில் வெளியே வந்தது. ஆழமாகத் தோண்டியபோது 14 லட்சத்தைத் தாண்டியது. யாரும் ஊதாமலே இத்தனை லட்சம் சோதனை!

இங்கிலாந்தில் நடந்தது நமக்கு அதிகம் உதவும், ஏனென்றால் அவர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள். லண்டன் போலீசின் சாதாரணக் கான்ஸ்டபிள் ஜேம்ஸ் பேட்ரிக் 2013-இல் நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, எண்ணை எப்படித் திருத்துகிறார்கள் என்று சொன்னார். 2014 ஜனவரியில் அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையம் போலீஸ் பதிவுசெய்யும் குற்றக் கணக்குக்குத் தந்திருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியைப் பறித்தது. அந்த நவம்பரில் காவல் ஆய்வகம் எல்லாப் படைகளையும் தணிக்கை செய்து, சொல்லப்பட்ட குற்றங்களில் 19 சதவீதம், ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கு மேல், பதிவாகவே இல்லை என்றது. பாலியல் குற்றங்களில் 26 சதவீதம்.

தணிக்கை மட்டுமல்ல. அங்கே போலீஸ் கணக்கைச் சரிபார்க்கப் போலீசைச் சாராத இன்னொரு கணக்கு உண்டு. 1982 முதல் வீடு வீடாகப் போய், 'போன வருஷம் உங்களுக்கு என்ன நடந்தது? போலீசிடம் சொன்னீர்களா?' என்று கேட்கிற ஆய்வு நடக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளத் திருப்பூர்க்காரருக்கு ஒரு கம்பெனியைச் சுற்றிக் காட்டினால் போதும். பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லர் ஒரு நாளைக்கு இத்தனை உருப்படி முடித்தேன் என்று காட்டினால் கூலி. அவசரத்தில் தையல் விடும், பட்டி கோணும். அதனால்தான் தைத்தவர் கையிலிருந்து துணி நேராகப் பெட்டிக்குப் போவதில்லை. செக்கிங் டேபிளுக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருக்கிற அம்மிணிக்கும் டெய்லரின் கூலிக்கும் சம்பந்தமே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, டேமேஜ் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவார். அதற்கு மேலே பையர் தரப்பு கியூ.சி. வேறு. ஒரு டி-சர்ட்டுக்கு இத்தனை காவல். ஒரு புகாருக்கு என்ன இருக்கிறது? தைப்பவர் ரைட்டர், எண்ணுபவர் ரைட்டர், டேமேஜ் பார்ப்பவரும் அதே ஸ்டேஷன்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கம்பெனிக்கு வேண்டியதும் உருப்படி, எண்ணுவதும் உருப்படி. ஸ்டேஷனில் எண்ணுவது கேஸ், ஊருக்கு வேண்டியது நிம்மதி. டொனால்ட் கேம்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் இதைச் சொல்லிவைத்தார். ஒரு எண்ணை வைத்து எந்த அளவுக்கு முடிவெடுக்கிறோமோ, அந்த அளவுக்கு அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த வேலையும் கெடும் என்பது அவர் வாதம்.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் காவல் துறைச் சீர்திருத்தத்துக்கு ஏழு கட்டளைகள் போட்டது. போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் அதில் ஒன்று. நமது செக்கிங் டேபிள் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு 2013-இல் ஒரு சட்டம் செய்தது. அதன்படி மாநில அளவில் அந்த ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். செக்கிங் டேபிளைப் போட்டுவிட்டு அதில் லைன் சூப்பர்வைசரையே உட்கார வைத்த மாதிரி.

எண்ணிக்கையில் ஏறாத வேலை எது என்று பார்த்தால், ஜனங்கள் போலீசை நம்புவதற்குக் காரணமான வேலைகள் பெரும்பாலும் அவைதான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூரில் பயந்துபோனவர்கள் ஊருக்குக் கிளம்பப் பார்த்தார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்தது. போலீசார் தொழிலாளர்கள் இருக்கிற இடங்களுக்குப் போய் இந்தியில் பேசினார்கள், உதவி எண் கொடுத்தார்கள். ஒரு கலவரம் நடக்காமல் போனது. நடக்காத கலவரத்துக்கு எந்த அட்டவணையில் கட்டம் இருக்கிறது?

2025 ஆகஸ்டில் உடுமலை பக்கம் குடிமங்கலத்தில், தோட்டத்து வீட்டில் அப்பனும் மகன்களும் அடித்துக்கொள்கிறார்கள் என்று போன் வந்து ராத்திரியில் போன சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். குடும்பச் சண்டையை விலக்கப் போவது ஒரு ஸ்டேஷனின் அன்றாட வேலையில் பாதி. பெரும்பாலும் கேஸ் ஆகாது, எண்ணாகவும் ஆகாது.

தோட்டத்து வீடுகள் என்றதும் இந்தப் பக்கம் எல்லோருக்கும் இரண்டு ஊர்ப்பெயர் நினைவுக்கு வரும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் அப்பா, அம்மா, மகன் மூவரும், 2025-இல் சிவகிரி பக்கம் வயதான தம்பதியும் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். காட்டுக்கு நடுவில் வீடு, கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது, பிள்ளைகள் கோவையிலோ அமெரிக்காவிலோ. அதன்பின் ரோந்து கூடியது. ரோந்து வந்ததற்கு அத்தாட்சி, பட்டா புத்தகம் என்கிற ரோந்து நோட்டில் ஒரு கையெழுத்து, இப்போது செயலியில் ஒரு பதிவு. என் பெரியம்மா தோட்டத்தில் அப்படி ஒரு நோட்டு கேட்டில் தொங்குகிறது. "வர்றாங்க கண்ணு, கையெழுத்துப் போட்டுட்டு வண்டிய ஆஃப் பண்ணாமயே போயர்றாங்க. ஒருத்தர் மட்டும் உள்ள வந்து, நாய் ஏன் கொலைக்கலைன்னு கேட்டாரு" என்றார். நாய்க்கு உடம்பு சரியில்லை. ஆளைக் கொல்ல வருகிறவர்கள் முதலில் நாயைக் கொல்வார்கள் என்று அந்தப் போலீஸ்காரருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருகைக்கும் நோட்டில் ஒரே மாதிரிக் கையெழுத்துதான்.

எண்ணில் ஏறினாலும் அளவு தெரியாமல் போகிற வழக்குகளும் உண்டு. திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடியில் ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்கள், 930 கோடி ரூபாய். 2009-இல் வெடித்தது, கோவை நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இரண்டு பேருக்கு 27 ஆண்டு சிறை கொடுத்தது. பொள்ளாச்சிப் பாலியல் வழக்கில் 2019 பிப்ரவரியில் புகார், 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. ஆறு வருஷம் சாட்சிகள் பிறழாமல் நின்றார்கள். அதே வழக்கின் தொடக்கத்தில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளியே சொல்லப்பட்டது. பேர் வெளியே வந்தது தெரிந்து எத்தனை பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு புகார் கொடுக்காமலே இருந்திருப்பார்கள்? அவர்களால் குற்றக் கணக்கு குறைந்துதான் தெரிந்திருக்கும்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 60 நாள் அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதானவருக்கு ஜாமீன் உரிமை என்பதும் ஒரு எண்தான். அது இல்லாமல் இருந்தால் கேட்பாரின்றி உள்ளேயே கிடப்பார்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்று புதிய சட்டத்தின் 193-ஆவது பிரிவு சொல்கிறதே, அதையும் எத்தனை பேருக்குச் சொன்னார்கள் என்று மாதாமாதம் கூட்டத்தில் கேட்கலாம். இந்த எண்கள் போலீசைக் கட்டுகிறவை. கேஸ் எண்ணிக்கை போலீஸ் ஜனங்களைக் கட்டுகிற எண். கூட்டத்தில் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள்.

என் தாய்மாமன் ஒருவர் கோபி பக்கம் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாசக் கடைசி கேஸ் பற்றிக் கேட்டால் சிரிப்பார். "நாங்க மட்டும் வேணும்னா போடறோம், மாப்ள? கேஸ் காட்டலீன்னா லீவு கெடையாது. பொண்ணுக்குக் காதுகுத்து வெச்சிருப்போம், பந்தோபஸ்துன்னு தூக்கிப் போட்ருவாங்க." வாராந்திர விடுமுறைக்கு 2021-இல் அரசாணை வந்ததையும் சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் நீங்கள் செய்த நல்ல வேலை எது என்று ஒரு முறை கேட்டேன். திருடனைத் துரத்திய கதை வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு மாரியம்மன் கோயில் பூச்சாட்டைச் சொன்னார். கோயில் முன்னால் நடுகிற கம்பத்தை யார் எடுத்து வருவது என்று இரண்டு தரப்புக்கு வருஷக்கணக்கில் பகை, அரிவாள்வரை போயிருக்கிறது. மாமா பூச்சாட்டுக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே தினமும் சைக்கிளில் போய், ஒரு நாள் இந்தத் திண்ணை, ஒரு நாள் அந்தத் திண்ணை என்று உட்கார்ந்து மோர் குடித்திருக்கிறார். எந்தப் பையன் கையில் காசு திடீரென்று புழங்குகிறது, எந்த வீட்டில் வெளியூர் ஆள் வந்து தங்கியிருக்கிறான் என்று அதில் தெரிந்துவிடும் என்றார். அந்த வருஷமும் அதற்கடுத்த இரண்டு வருஷமும் கம்பம் சண்டையில்லாமல் ஆற்றில் விடப்பட்டது.

"இதுக்கு ரிவார்டு ஏதாச்சும் குடுத்தாங்களா, மாமா?"

"எதுக்குக் குடுப்பாங்க? ஜி.டி.யில ஒரு வரி எழுதுனேன்."

ஜி.டி. என்பது ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, இன்னும் சர்வீஸில் இருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"திருவிழா பந்தோபஸ்து. அமைதியாக முடிந்தது."